ஃபெர்மோ கிடினியும் ஆயிரம் மைலும்

என் அக்கா பால்மிராவைக் கட்டிய ஃபெர்மோ கிடினி, கார்டோனேயிலிருந்து பிரேஷா நகருக்கு இறங்கும் பேருந்தின் ஓட்டுநர். நான் அதே பேருந்தில் நடத்துநர். ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை அது. வேகமாகப் போக வேண்டும் என்று யாராவது நினைத்தாலும் முடியாது. துப்பாக்கிப் பட்டறைக்குப் போகிறவர்கள், கோழிக்கூடைக்காரிகள், பாலாடைக்கட்டி விற்கிறவர்கள், பாதிரியார், பள்ளி ஆசிரியை என்று கை காட்டிய இடத்திலெல்லாம் நின்று ஏற்றிக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு ஃபெர்மோ என்ற பெயருக்கே எங்கள் பேச்சில் 'நின்றுபோனவன்' என்று பொருள். பள்ளத்தாக்கு முழுவதும் அந்தப் பெயரை வைத்தே அவரை வாரிவிடும்.

அப்படிப்பட்ட மனிதருக்கு வேகத்தின் மேல் தீராத ஆசை. ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் பிரேஷாவிலிருந்துதான் ஆயிரம் மைல் பந்தயம் புறப்படும். ரோமாபுரி வரை போய், கிழக்குக் கடற்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு, மறுபடி பிரேஷாவுக்கே வர வேண்டும். இடையில் தூக்கமில்லை, ஓய்வில்லை. பெரிய கம்பெனிகளின் பேர்பெற்ற ஓட்டுநர்கள் கலந்துகொள்வார்கள். கூடவே பல் மருத்துவர்களும் கசாப்புக்கடைக்காரர்களும் சொந்தக் காரில் வந்து வரிசையில் நிற்பார்கள். அத்தான் வருஷா வருஷம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார்.

எங்கள் ஊரில் காவாலியேரே பொன்ஸி என்று ஒரு பெரியவர் இருந்தார். காவாலியேரே என்பது அரசாங்கம் கொடுத்த பட்டம். துப்பாக்கிக்கு மரப்பிடி செய்யும் பட்டறை அவருடையது. சிவப்பு நிறத்தில் இரண்டு பேர் உட்காரும் விளையாட்டுக் கார் ஒன்றை ஆசையாக வாங்கினார். முதல் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி அதில் ஏறினால் நான் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். கார் கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. அத்தான் தினமும் அந்தக் கொட்டகைக்கு எதிரே பேருந்தை நிறுத்துவார். அங்கே ஏற ஆளிருக்காது, இறங்கவும் ஆளிருக்காது.

ஒரு நாள் பயணிகளை உட்காரவைத்துவிட்டு இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா, அந்தக் காரைக் குடுங்க."

பொன்ஸி படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளைத் தாழ்த்தினார். "எதுக்கு? பஸ்ஸுல கோழி ஏத்த எடம் பத்தலையா?"

"பந்தயத்துக்கு. உங்க பேருலயே சேத்துவிடுங்க. நான் ஓட்டறேன். பக்கத்துல இவன் உக்காருவான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என் பேரு பேப்பர்ல வருமா?" என்று கேட்டார் பொன்ஸி.

"வரும்."

"உன் பேரு?"

"வந்தா வருது, வராட்டிப் போகுது."

வெளியே பேருந்தில் யாரோ ஒலிப்பானை அமுக்கிக்கொண்டே இருந்தார்கள். பொன்ஸி சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அக்காவிடம் சொன்னபோது அவள் அடுப்பில் பொலெந்தா என்ற சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டும் கையை நிறுத்தவில்லை. "வாரத்துல ஆறு நாள் வண்டி ஓட்டறீங்க. ஏழாவது நாளும் ஓட்டணுமா? சரி, போங்க. என் தம்பி உடம்புல ஒரு கீறல் விழுந்தா வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள்.

முதல் வருஷம். சின்னக் கார்களைத்தான் முதலில் விடுவார்கள். பெரியவை பின்னால் வந்து முந்திப்போகும். ஆளும் பாசிசக் கட்சியின் கருஞ்சட்டைக்காரர் கொடியை இறக்கியதும் அத்தான் காரை விட்டாரே பார்க்க வேண்டும்! பத்து வருஷமாக அடக்கி வைத்த வேகம் அத்தனையும் காலில் இறங்கிவிட்டது. கிரெமோனாவைத் தாண்டிச் சமவெளிச் சாலையில் போகும்போது எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது. காற்றாலா பயத்தாலா என்று தெரியவில்லை. எங்களுக்கு முன்னால் புறப்பட்ட மூன்று கார்களைப் பிடித்துவிட்டோம்.

பார்மாவுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு உடை, கையில் கூடை. எங்களை உற்சாகப்படுத்தத்தான் கையைத் தூக்கினாள். கை மேலே போனதும் அத்தானின் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. கார் இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகப் பாசன வாய்க்காலில் போய் இறங்கியது. இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கிழவி கரைக்கு ஓடிவந்தாள். "ஐயோ மகனே, எதுக்கு நிறுத்தினே? நான் எங்கயும் போகலையே!"

அத்தான் தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் அடித்தார். ஒரு முறை அல்ல, கை ஓயும் வரை அடித்தார்.

நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர் நிருபர் கிழவியிடம் பேசி, வேடிக்கைச் செய்தியாகப் போட்டுவிட்டான். திங்கட்கிழமை பேருந்தில் ஏறிய ஒவ்வொருவரும் அதையே கேட்டார்கள். முட்டைக்கார மட்டில்டேதான் ஆரம்பித்தாள். அவள் வாய்க்குப் பயப்படாதவர் பள்ளத்தாக்கில் இல்லை.

"ஏம்ப்பா ஃபெர்மோ, பார்மாவுக்கு எவ்வளவு டிக்கெட்டு?"

பேருந்தே சிரித்தது. அத்தான் கண்ணாடி வழியாகச் சாலையை மட்டும் பார்த்தார். அவருக்கு இருந்த கஷ்டமே இதுதான்; தோற்ற மறுநாள் ஒளிந்துகொள்ள இடமில்லை. கேலி பேசுகிற அத்தனை பேரையும் அவரே ஏற்றி, அவரே இறக்கிவிட வேண்டும். ஒரு வாரம் போனால் அடங்கிவிடும் என்று நினைத்தோம். கோடைக்காலம் முழுவதும் அந்தக் கேலி ஓடியது. பாதிரியார்கூட ஏறும்போது கையைத் தூக்காமல் பவ்யமாக நின்று, "கை காட்டினா ஆபத்துன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

அடுத்த வருஷத்துக்கு அத்தான் வித்தியாசமாகத் தயாரானார். ஓய்வு நாளில் என்னை மலைச்சாலை ஓரத்தில் நிற்கவைப்பார். அவர் காரில் வேகமாக வருவார், நான் கையைத் தூக்க வேண்டும். முதலில் பத்துக்குப் பத்து முறையும் நின்றார். நின்றபின் தன் முழங்காலைத் தானே குத்திக்கொள்வார். குளிர்காலம் முடியும்போது நிற்காமல் போகப் பழகிவிட்டார். அந்தப் பழக்கம் பேருந்துக்கும் வந்துவிட்டது. கை காட்டிய இரண்டு பேரை விட்டுவிட்டுப் போய், முதலாளியிடம் திட்டு வாங்கினார்.

இரண்டாம் வருஷம் ஃபூட்டா கணவாயில் நான் இரண்டு முறை வாந்தி எடுத்ததைத் தவிர எல்லாம் நன்றாகவே போனது. பிளாரன்ஸ், சியென்னா, ராடிகோஃபானி மேடு எல்லாம் கடந்து ரோமாபுரிக்குள் நுழைந்தபோது எங்கள் வகுப்பில், அதாவது சின்னக் கார்களில், ஏழாவதாக இருந்தோம். அத்தான் பாடிக்கொண்டே வந்தார். அவர் பாடி நான் அதுவரை கேட்டதில்லை.

சோதனைச் சாவடியில் காரை நிறுத்தினால், எதிரே காவாலியேரே பொன்ஸி நிற்கிறார். புதுத் தோல் சட்டை, புதுக் கண்ணாடி. மிலானில் வேலை இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இரயிலில் வந்திருக்கிறார். சுற்றிலும் புகைப்படக்காரர்கள், மேடையில் ஏதோ ஒரு மந்திரி.

"நல்லா ஓட்டினே ஃபெர்மோ. இறங்கு. இனிமே நான் பாத்துக்கறேன்."

"என்ன ஐயா?"

"எறங்குப்பா. பேரு என்னுது, காரு என்னுது. ஏழாவதா வந்திருக்கோம்ல?"

"நாந்தானே ஐயா வந்தேன்?"

"அதத்தான் சொல்றேன், நல்லா ஓட்டினே. எறங்கு, பின்னாடி வண்டி நிக்குது பாரு."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்து, பதிவு பொன்ஸி பெயரில்தான் இருக்கிறது என்று தோளைக் குலுக்கினார். அத்தான் இறங்கினார். கையுறையைக் கழற்றிப் பொன்ஸியிடம் கொடுக்கப் போனவர், பிறகு கொடுக்காமல் தன் பையிலேயே திணித்துக்கொண்டார். கார் கிளம்பியபோது திரும்பிப் பார்த்தேன். ஒரு கையில் தொப்பியோடு நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் தள்ளி நிற்கச் சொல்லிக் கத்தினார்கள்.

பொன்ஸி மோசமான ஓட்டுநர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டம் கண்ட இடத்தில் கையசைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. நார்னியில் ஒரு வளைவில் பெண்கள் மாடியிலிருந்து பூ எறிந்தார்கள். அவர் தலை நிமிர்ந்து இரண்டு கையாலும் முத்தம் அனுப்பினார். நேரே ஒரு ஆலிவ் தோட்டத்து மதிலில் போய் மோதினோம். யாருக்கும் அடி இல்லை. அவருடைய இடுப்பு மட்டும் மறுபடி பிடித்துக்கொண்டது. மனைவிக்கும் எல்லாம் தெரிந்துபோயிற்று. ரோமாபுரியில் எடுத்த புகைப்படம் பத்திரிகையில் வந்துவிட்டதே!

பால்மிரா அத்தானிடம் கெஞ்சினாள். "போதும் விடுங்க. அந்த மனுஷன் மொகத்துல இனி முழிக்காதீங்க."

"முழிக்கணும்டி. காரு அவருகிட்டதானே இருக்கு" என்றார் அத்தான்.

மூன்று வாரம் பொறுத்துப் போய்ப் பார்த்தார். பொன்ஸி நாற்காலியில் சாய்ந்தபடி இடுப்பில் சூடான மணல் பை வைத்திருந்தார். அத்தான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஐயா, என்னைய ரோட்டுல நிக்க வெச்சீங்க."

"தெரியும்ப்பா."

"ரயில்ல உக்காந்து வந்தேன். ஜன்னல்ல எல்லாத் தந்திக்கம்பத்தையும் திட்டிக்கிட்டே வந்தேன்."

பொன்ஸி மணல் பையை எடுத்து மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டார். பிறகு, "அடுத்த வருஷம் முழுசா நீயே ஓட்டு. பேரும் உன்னுதா இருக்கட்டும். என் பொண்டாட்டி கொட்டகைச் சாவிய உன்கிட்டயே குடுக்கச் சொல்லிட்டா" என்றார். சொன்னபடியே சாவியைக் கொடுத்தார்; மதிலில் நசுங்கிய முகப்பையும் சரிசெய்து கொடுத்தார்.

மூன்றாம் வருஷம் மழை. புறப்பட்டதிலிருந்தே மழை. மேற்கூரை இல்லாத கார். மடியில் தண்ணீர் தேங்கியது. ரொட்டியும் சலாமி இறைச்சியும் ஊறிப்போயின. ஆனாலும் நாங்கள் நிற்கவில்லை. பேர்பெற்ற ஓட்டுநர்கள் பலர் வழியில் கவிழ்ந்து கிடந்தார்கள்; அத்தான் கோழிக்கூடை ஏற்றிக்கொண்டு ஈரச்சாலையில் ஓட்டிப் பழகியவர், நிதானமாகக் கடந்தார். அங்கோனாவில் கடலைப் பார்த்தோம். எங்கள் வகுப்புக்கு வைத்த கெடு நேரத்துக்குள் பிரேஷா போய்ச் சேர்ந்துவிடலாம் என்று தைரியமாக இருந்தது.

செனிகாலியாவைத் தாண்டி ஒரு இரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்காரி குடைக்குக் கீழே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தொறங்க! பந்தயம்!"

"சரக்கு வண்டி வருது."

"எங்க வருது? கண்ணுக்கே தெரியலையே!"

"வரும்."

சரக்கு வண்டி வந்தது. முக்கால்வாசி கடந்ததும் நின்றது. பிறகு பின்னால் போனது. ஏதோ பெட்டியைக் கழற்றினார்கள், மறுபடி முன்னால் வந்தது. எங்களுக்குப் பின்னால் நான்கு கார்கள் சேர்ந்துவிட்டன. எல்லோரும் ஒலிப்பானை அமுக்கினார்கள். அத்தான் இறங்கிப் போய்க் கேட்டைப் பிடித்து உலுக்கினார்.

"உனக்குப் புள்ளைகுட்டி இருக்கா இல்லையா? கொஞ்சம் தூக்கும்மா, குனிஞ்சு போயிடறோம்!"

"ஆறு புள்ளைங்க. அதனாலதான் வேலை போகக்கூடாதுன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.

அவளிடம் கோபப்பட முடியவில்லை. சரக்கு வண்டியிடம் கோபப்பட்டும் பயனில்லை. அத்தான் மழையில் நின்றுகொண்டு அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாக முறைத்தார். கேட் திறந்தபின் அவர் ஓட்டிய ஓட்டத்தை என்னால் சொல்ல முடியாது. ரிமினியிலிருந்து போலோக்னா வரை நான் கண்ணைத் திறக்கவே இல்லை.

அத்தனையும் செய்து பிரேஷாவுக்குள் நுழைந்தோம். அப்போதுதான் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வகுப்பின் கெடு முடிந்து சில நிமிஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் வகுப்பின் நேரம் குறிக்கிற மேஜையை இரண்டு பேர் மடக்கித் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க வந்துட்டோம்!" என்று கத்தினேன்.

"பாத்தோம் தம்பி. ஆனா எழுத முடியாது" என்றார் ஒருவர், வருத்தமாகத்தான். கூட்டத்தில் யாரோ, "நின்னுபோனவன் வந்துட்டான்!" என்று குரல் கொடுத்தான். எங்கள் பள்ளத்தாக்குக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

அத்தான் இருக்கையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, தன் சால்வையால் அவர் தலையைத் துவட்டினாள். "ஆயிரம் மைல் போனீங்கதானே? போயிட்டு வந்தாச்சுல்ல?"

"எழுதலயே, பால்மிரா."

"யாரு எழுதணும்? நான் பாத்தேன்."

அவருக்கு அது ஆறுதலாக இல்லை. அந்த வருஷம் முழுவதும் எந்தக் கேட் மூடியிருந்தாலும் அவர் கழுத்து நரம்பு புடைத்துக்கொள்ளும். வீட்டில் மேஜையைக் குத்துவார். என்னிடமும் எரிந்து விழுந்தார். நான் ஒரு முறை, "அத்தான், அடுத்த தடவை வேற ஆளைக் கூட்டிட்டுப் போங்க" என்றேன். "வேற எவன் வருவான்?" என்றார். அது கெஞ்சலா திட்டா என்று எனக்கு இன்றும் புரியவில்லை. நான் போனேன்.

நான்காம் முறை, முப்பத்தெட்டாம் வருஷம். வானம் தெளிவாக இருந்தது. கிழவிகள் கை காட்டினார்கள், நாங்கள் நிற்கவில்லை. பொன்ஸி வீட்டிலேயே இருந்தார். கேட்டுகள் திறந்திருந்தன. ஒரு டயர் வெடித்தது, மாற்றினோம். ஒரு விளக்கு உடைந்தது, விட்டுவிட்டோம். அவ்வளவு சாதாரணமாகப் போனதால் எனக்கே சந்தேகமாக இருந்தது. பிரேஷாவுக்குள் நுழைந்து கோட்டைத் தாண்டியபோது வெளிச்சம் மீதி இருந்தது. நேரமும் நிறைய மீதி இருந்தது. எங்கள் வகுப்பில் பன்னிரண்டாவது இடம்.

அத்தான் காரிலிருந்து குதித்து என்னைத் தூக்கிச் சுற்றினார். "எழுதினாங்களா? எழுதினாங்களா பாரு மச்சான்!"

எழுதியிருந்தார்கள். ஆனால் எழுதியவர் முகம் சரியாக இல்லை. கூட்டம் நிறைய இருந்தும் கைதட்டல் இல்லை. ஒலிபெருக்கி பேசவில்லை. அக்கா வந்தாள், எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதன்பிறகுதான் சொன்னாள். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு கார் போலோக்னாவில் டிராம் தண்டவாளத்தில் நிலைதவறி, வேடிக்கை பார்த்தவர்களுக்குள் பாய்ந்துவிட்டது. பலர் இறந்துபோனார்கள். குழந்தைகளும் இருந்தார்களாம்.

அத்தான் என் தோளிலிருந்து கையை எடுத்தார். "எந்த எடத்துல?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்த இடத்தில் நாங்களும் வேகத்தைக் குறைக்காமல்தான் போயிருந்தோம். குழந்தைகள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்திருந்தேன்.

நேரே வீட்டுக்குப் போனோம். அக்கா விருந்துக்குக் கம்பியில் குத்தி வைத்திருந்த இறைச்சியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை பேருந்து நிறைந்திருந்தது; ஒருவரும் வாய் திறக்கவில்லை. செய்தித்தாள்களில் அந்தச் செய்திதான். அத்தான் பார்ப்பதற்கு நான்கு வருஷமாகக் காத்திருந்த அவர் பெயர் உள்ளே எங்கோ சின்ன எழுத்தில் இருந்தது; அவர் அதைத் தேடவில்லை. வழக்கமாகக் கேலி கேட்டால் எரிச்சலாகும் அவருக்கு. அன்று யாராவது கேலி பேசமாட்டார்களா என்று அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டியதை நான் கவனித்தேன்.

சாரெட்ஸோவில் மட்டில்டே முட்டைக்கூடையோடு ஏறினாள். "வந்து சேந்தியாமே?"

"சேந்தேன்."

"உன் கார் யாரையும் இடிக்கலியே?"

"இல்ல மட்டில்டே."

"அப்ப சரி. வண்டிய எடு, சந்தைக்கு நேரமாச்சு."

அதன்பின் அரசாங்கம் பந்தயத்தைத் தடை செய்தது. அத்தானுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட வெட்கமாகவும் இருந்தது. "நிறுத்தினது நியாயம்தான்" என்பார். ஐந்து நிமிஷம் கழித்து, "ஆனா நான் இன்னும் நல்லா ஓட்டியிருப்பேன் மச்சான், பன்னெண்டாவதா வர ஆளா நானு?" என்பார். உடனே வாயைப் பொத்திக்கொள்வார். போர் வந்ததும் சிவப்புக் காரைப் படைக்காரர்கள் எடுத்துப்போனார்கள். அவரையும் எடுத்தார்கள். அல்பேனியாவில் சேற்றில் லாரி ஓட்டி, மூன்று விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். மறுபடி அதே பேருந்து.

போர் முடிந்து இரண்டாம் வருஷம் பந்தயத்தைத் திரும்பத் தொடங்கினார்கள். அன்று நாங்கள் பிரேஷாவுக்குப் பேருந்தைக் கொண்டுபோனோம். நகர எல்லையில் சாலையை அடைத்து ஒரு போலீஸ்காரர் நின்றார். மழை கொட்டியது. பேருந்துக்குள் நாற்பது பேர், நிறைமாதக்காரி ஒருத்தி.

அத்தான் இறங்கிப்போனார். "எவ்வளவு நேரம்?"

"கார் வந்துகிட்டே இருக்கு. காத்திருங்க."

"யோவ், வண்டிக்குள்ள வந்து பாரு! ஆளுங்க போற எடத்துக்குப் போக வேண்டாமா? இவனுங்க ஊர் சுத்தறதுக்கு நாங்க மழையில நிக்கணுமா?"

"உங்களுக்குப் பந்தயம்னா என்னன்னு தெரியுமா?" என்றார் அந்த இளைஞர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தானுக்கு வரவில்லை. முகமெல்லாம் சிவந்து, அந்தப் போலீஸ்காரரோடு மேலதிகாரி வரும்வரை சண்டை போட்டார். கடைசியில் நிறைமாதக்காரியை மட்டும் இறக்கி, சாலை சற்றுக் காலியான நேரத்தில் அவர்களே கைத்தாங்கலாகக் கடத்திவிட்டார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தோம். ஒரு சின்னச் சிவப்புக் கார் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போனது. அத்தான் அது எந்த வகைக் கார் என்றுகூடப் பார்க்காமல், ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டிருந்தார்.